வீட்டுக்காரரின் கால் வராத இடத்தில் கண் வரலாமா?

(வடசென்னையில் வாடகைக் குடித்தனக்காரர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டம் இன்று இந்த வாசகசாலையில் நடக்கிறது. இடம் போதவில்லை. பாதிப் பேர் படியிலும் தெருவிலும் நிற்கிறீர்கள். இருக்கிற ஒரு மின்விசிறியும் சுற்றுவதாக பாவனை செய்கிறது. ஆனால் நாங்கள் முதலில் நினைத்த இடம் இதுவல்ல. அடுத்த தெருவில் பன்னிரண்டு குடித்தனங்கள் இருக்கும் காம்பவுண்டு ஒன்று இருக்கிறதே, அதன் முற்றத்தில் நடத்தலாம் என்றுதான் ஏற்பாடு. விசாலமான முற்றம், ஒரு வேப்பமரம், காற்று வரும். எல்லோருக்கும் சம்மதம்தான். புதன்கிழமை ராத்திரி அங்கிருந்து இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். “வேண்டாம் அண்ணே, முற்றத்திலே காமிரா இருக்கு. யார் யார் வந்தாங்க, யார் யார் பேசினாங்கன்னு ஓனர் அவர் வீட்டிலே உட்கார்ந்தபடியே போனிலே பார்த்துடுவார்” என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிறார்கள். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகவும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். தாங்கள் குடியிருக்கும் வீட்டின் முற்றத்தில், தங்கள் கஷ்டத்தைப் பற்றித் தாங்களே கூடிப் பேச அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. யாரும் தடியோடு வந்து நிற்கவில்லை. சுவரில் ஒரு முஷ்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் உருண்டை இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவேதான் இந்த வாசகசாலை, இந்த மின்விசிறி.

இந்த விஷயத்தில் முதல் குற்றவாளியாக நான் என்னையே நிறுத்திக்கொள்ள வேண்டும். சுயவிமர்சனம் என்று எங்கள் கட்சியில் சொல்லுவோம். மேடையில் செய்வதுதான் அதற்கு அழகு. அந்தக் காம்பவுண்டில் இரண்டு வருஷங்களுக்கு முன் இரண்டு மோட்டார் சைக்கிள்களிலிருந்து பேட்டரிகள் திருட்டுப் போயின. ஒன்று உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற பையனுடையது. வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் அவனுக்குச் சம்பளம் இல்லாத நாள். அப்போது என்னிடம் வந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வீட்டுக்காரரிடம் போய் ஒரு காமிரா வைக்கச் சொல்லுங்கள்” என்றேன். மனுவையும் நானே எழுதிக் கொடுத்தேன். “எங்கே வைப்பது, யார் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது” என்று ஒரு வரி அந்த மனுவில் எழுத எனக்குப் புத்தி வரவில்லை.

காலமும் அப்படிப்பட்டதுதான். 2017ஆம் ஆண்டிலிருந்து சென்னையில் போலீஸார் ‘மூன்றாவது கண்’ என்று பெரிய பிரசாரம் செய்தார்கள். தெருவுக்குத் தெரு, கடைக்குக் கடை காமிரா வந்தது. சங்கிலி பறித்தவன் பிடிபட்டான் என்று பத்திரிகையில் படித்தோம். அது பொய்யல்ல. ஆகவே காமிரா என்றாலே பாதுகாப்பு என்று ஜனங்களின் மனதில் பதிந்துவிட்டது. தெருவுக்கு வந்த கண்ணுக்கும் நம் வாசற்படிக்கு வந்த கண்ணுக்கும் இடையே எத்தனை தூரம் என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் மனுவை உடனே ஏற்றுக்கொண்டார். ஒரு காமிரா கேட்டோம், நான்கு வைத்தார். ஒன்று கேட்டில். ஒன்று வண்டி நிறுத்தும் இடத்தில். இவை இரண்டும் சரி. மூன்றாவது, முற்றத்தில் குழாயும் துணி துவைக்கும் கல்லும் இருக்கும் இடத்தைப் பார்த்தபடி. நான்காவது, மாடிப்படி ஏறியதும் வராந்தாவில். வராந்தாக் காமிராவுக்கு நேர் எதிரே நான்கு வீட்டுக் கதவுகள். கதவைத் திறந்தால் பாயும் படுக்கையும் தெரியும். அந்த வீடுகள் எல்லாம் ஒரே அறை, ஒரு சமையல் மூலை. அங்கே ‘உள்ளே’ என்றும் ‘வெளியே’ என்றும் பிரிப்பது அந்த ஒரு கதவுதான். சித்திரை மாசத்தில் அந்தக் கதவையும் சாத்தி வைத்தால் மனிதன் வெந்து போவான்.

அதற்குப் பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. அந்தக் காம்பவுண்டுத் தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். நான் மிகைப்படுத்தினால் உடனே நிறுத்துங்கள். “ஏம்மா, உங்க வீட்டுக்கு நேத்து நாலு பேர் வந்தாங்களே, யாரு?” “துணி இவ்வளவு துவைக்கிறீங்க, தண்ணி என்ன ஆகுறது?” “மீன் வாங்கிட்டு வந்த மாதிரி இருந்ததே, கழிவை எங்கே போட்டீங்க?” திருடனைப் பிடிக்க வந்த கண், மீன் பையைப் பிடித்தது. பேட்டரி திருடியவன் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்த வீட்டுக்காரரை ராட்சசனாக வர்ணிக்க நான் இங்கே வரவில்லை. அவர் ஜமீன்தார் அல்ல. ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர், வந்த பணத்தைப் போட்டுக் கட்டிய கட்டடம். அவர் தன் பொருளைக் காக்கிறோம் என்றுதான் மனப்பூர்வமாக நினைக்கிறார். ஆனால் தோழர்களே, மனிதர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல இங்கே கேள்வி. ஒருவர் கையில் அட்வான்ஸ் இருக்கிறது, சாவி இருக்கிறது, மின்சார மீட்டர் இருக்கிறது, இப்போது கண்ணும் இருக்கிறது. மற்றவர் கையில் வாடகை ரசீதுகூட இல்லை. இந்த நிலையில் நல்லவரும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுகிறார். வீடு தேடிப் போகும்போது “நீங்க என்ன ஆளுங்க? சைவமா? கல்யாணம் ஆகிடுச்சா?” என்று வாசலில் வைத்து விசாரிப்பார்களே, அந்த விசாரணை முன்பு ஒரு நாளோடு முடிந்தது. காமிரா வந்த பிறகு அது தினசரி விசாரணை ஆகிவிட்டது.

மாடியில் ஒரு பெண் குடியிருந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூடவே காலேஜில் படிக்கிற தம்பி. வாரத்தில் மூன்று நாள் ராத்திரி வேலை. பஸ் இல்லாத நேரத்தில் கூட வேலை செய்கிறவர் யாராவது வண்டியில் கொண்டுவந்து விடுவார்கள், சில நாள் ஆண், சில நாள் பெண். வராந்தாக் காமிரா இதையெல்லாம் நேரத்தோடு பதிவு செய்தது. ஒரு நாள் வீட்டுக்காரர் அந்தப் பெண்ணின் போனுக்கு மூன்று படங்களை அனுப்பினார். ஒன்றில் இரவு 11.40, ஒன்றில் விடியற்காலை 5.15. கீழே ஒரு வரி: “இது குடும்பங்கள் இருக்கிற இடம்.” அவ்வளவுதான். ஒரு வசவு இல்லை, ஒரு மிரட்டல் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியில் என்னென்ன இருக்கிறது என்று இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நோயாளியின் பக்கத்தில் ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு வருகிற பெண், தன் வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன் தலையைக் குனிந்துகொண்டு போக ஆரம்பித்தார். பிறகு தம்பியின் நண்பர்களை வரவேண்டாம் என்றார். கடைசியில் அவரே காலி செய்துவிட்டுப் போனார். எங்களிடம் விஷயம் வந்தபோது அவர் சாமான்களை ஏற்றிவிட்டார். நாங்கள் தாமதமாகப் போனோம். இதையும் சுயவிமர்சனக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்லுகிறது? நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். வக்கீல் அல்ல. ஆனால் வக்கீல் தோழர்களிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்ததைச் சொல்லுகிறேன்.

“என் வீடு, என் சுவர், என் காமிரா” என்கிறார் வீட்டுக்காரர். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் வாடகை என்பது என்ன? அவர் நமக்குச் செய்கிற தர்மமா? அல்ல. மாதாமாதம் விலை கொடுத்து அந்த இடத்தின் அனுபோகத்தை நாம் வாங்குகிறோம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவைப் பாருங்கள். வாடகையைச் செலுத்தி ஒப்பந்தப்படி நடக்கிற குடித்தனக்காரர், இடையூறு இல்லாமல் அந்த இடத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது வீட்டுக்காரர் கொடுத்த வாக்குறுதியாகவே கருதப்படும் என்கிறது. இது எந்தச் செங்கொடிக்காரனும் எழுதியதல்ல. வெள்ளைக்காரன் எழுதியது, சொத்துள்ளவர்கள்மேல் அவனுக்கு எவ்வளவு பிரியம் என்பது உலகத்துக்கே தெரியும். அவன்கூட இதை எழுதாமல் விட முடியவில்லை.

இனி நம் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டுக்காரர், குடித்தனக்காரர் உரிமைகள் பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சட்டத்தில் இருந்த பாதுகாப்புகள் பல போய்விட்டன என்பது வேறு கதை. இன்றைக்கு அதற்குள் போகவில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் உண்டு. ரிப்பேர் பார்க்க, சோதித்துப் பார்க்க என்று வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். என்ன காரணம், எந்த நாள், எந்த நேரம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நான் உங்களைக் கேட்கிறேன். வீட்டுக்காரரின் கால் நம் வாசற்படியைத் தாண்ட 24 மணி நேர நோட்டீஸ் வேண்டும். அவருடைய கண் தாண்டுவதற்கு மட்டும் நோட்டீஸ் வேண்டாமா? கால் வந்தால் ஐந்து நிமிஷம் நின்று போய்விடும். வந்தது நமக்குத் தெரியும். சேலைத் தலைப்பைச் சரி செய்துகொள்ளலாம், பாயைச் சுருட்டலாம். கண் போவதே இல்லை. ராத்திரியும் பகலும் இருக்கிறது. எப்போது பார்க்கிறது, எப்போது பார்க்கவில்லை என்பதும் தெரியாது. கால் மறந்துவிடும், கண் எழுதி வைத்துக்கொள்ளும். அப்படியானால் காலைத் தடுக்கிற சட்டம் கண்ணையும் தடுக்க வேண்டும் அல்லவா? அந்தச் சட்டத்தில் காமிரா என்ற சொல்லே இல்லை. அந்தச் சொல்லை அதில் எழுதச் செய்ய வேண்டும் என்பதுதான் நாம் சர்க்காரிடம் கேட்க வேண்டியது. என் பேச்சின் சாரம் முழுவதும் இவ்வளவுதான், மற்றதெல்லாம் விவரம்.

விவரத்துக்கு வருவோம். ஒளித்து வைக்கிற காமிராவைப் பற்றிச் சட்டம் இருக்கிறது. அந்தரங்கமான நிலையில் இருக்கிற பெண்ணை மறைந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் 2013 முதல் தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவில் இருக்கிறது. முதல் தடவைக்கு ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, மறுபடி செய்தால் மூன்றிலிருந்து ஏழு வருஷம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவும் இருக்கிறது. 2018 டிசம்பரில் இதே சென்னையில் ஆதம்பாக்கத்தில் பெண்கள் விடுதி நடத்தியவர் ஒளித்து வைத்த காமிராக்களை அங்கே தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்தார்கள், அவர் கைதானார். 2024 செப்டம்பரில் டெல்லி ஷகர்பூரில் சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஊருக்குப் போகும்போது நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்காரரின் மகன் படுக்கையறையிலும் குளியலறையிலும் பல்பு ஹோல்டருக்குள் காமிரா வைத்தான். அவனும் கைதானான். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அதைக் கழற்றாதீர்கள், தொடாதீர்கள். இருக்கிறபடியே போனில் படம் எடுத்துக்கொண்டு, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

இதிலே யாருக்கும் இரண்டாவது அபிப்ராயம் இல்லை. ஊரே காறித் துப்பும். ஆனால் அந்த நர்ஸ் சகோதரியின் விஷயத்தில் ஒளிந்த காமிரா எதுவும் இல்லை. பகிரங்கமாக இருந்தது. “உங்கள் பாதுகாப்புக்காக” என்று போர்டும் தொங்கியது. திறந்து வைத்த காமிராவுக்குத்தான் நம்மிடம் பதில் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். வழக்குப் போட்டவர் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி. பெரிய தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் அது மாடிப்படி ஏறி வராந்தா வரைக்கும் தானாக வந்து சேராது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். 2025 நவம்பரில்தான் விதிகள் வெளியாயின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு ஓட்டை. ஒரு தனிமனிதர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காக வைத்திருக்கும் விவரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பன்னிரண்டு குடித்தனங்களிடம் வாடகை வாங்குகிறவர், “இது என் சொந்த வீட்டுக் காரியம்” என்று நாளைக்குச் சொல்லலாம். பன்னிரண்டு வீட்டு வாடகை வருமானம் எப்படி ஐயா வீட்டுக் காரியம் ஆகும் என்று நாம் கேட்க வேண்டும். கேட்கிறவன் இல்லாவிட்டால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

ஒரு தீர்ப்பு நமக்குப் பிடிமானமாக இருக்கிறது. கல்கத்தாவில் ஒரே வீட்டில் குடியிருந்த இரண்டு சகோதரர்களுக்குள் தகராறு. ஒருவர் வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் காமிரா வைத்தார். மற்றவர் கோர்ட்டுக்குப் போனார். கூடக் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் அப்படி வைப்பது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று 2025இல் கல்கத்தா ஹைகோர்ட் சொன்னது. மே மாதம் சுப்ரீம் கோர்ட் அப்பீலைத் தள்ளிவிட்டது. இது வீட்டுக்காரர், குடித்தனக்காரர் வழக்கு அல்ல, வாஸ்தவம். ஆனால் சொத்தில் பங்குள்ளவருக்கே அந்த அதிகாரம் இல்லையென்றால், அந்த அறையை வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு தெருவில் குடியிருப்பவருக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். “பார்க்கிறவர் நம் வீட்டுக்காரர்தானே, வயசானவர், போகட்டும்” என்று சிலர் சொல்லுகிறார்கள். அவர் மட்டும்தான் பார்க்கிறார் என்று யார் சொன்னது? பழைய மாதிரிக் காமிராவில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் இருக்கும் டிஸ்க் நிரம்பியதும் பழைய படங்களின் மேலேயே புதியதை எழுதும். பதினைந்து நாளோ ஒரு மாதமோ, டிஸ்க்கின் அளவைப் பொறுத்தது. இப்போது வருகிற சின்னக் காமிராக்கள் பல, படத்தை இன்டர்நெட் வழியாகக் கம்பெனிக்காரனின் இயந்திரத்துக்கு அனுப்புகின்றன. மைக்கும் உள்ளேயே இருக்கிறது. படம் மட்டுமல்ல, புருஷன் பெண்சாதி சண்டையும் பதிவாகும். மாட்டிக் கொடுத்த பையன் போட்ட பாஸ்வேர்டை வீட்டுக்காரர் மாற்றியிருக்கவே மாட்டார். 2025 பிப்ரவரியில் குஜராத் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் காமிராப் படங்கள் வெளியே போய், பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் டெலிகிராமில் விலைக்கு வந்தன. ‘ரிங்’ என்று ஒரு காமிராக் கம்பெனி, இன்று அமேசானுக்குச் சொந்தமானது. 2017இல் அதன் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளர்களான பெண்களின் படுக்கையறை, குளியலறைக் காட்சிகளை மாதக்கணக்காகப் பார்த்திருக்கிறார் என்று அமெரிக்க சர்க்காரின் வர்த்தக ஆணையமே 2023இல் குற்றம் சாட்டியது. கம்பெனி 58 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. காசு கொடுத்துக் காமிரா வாங்கியவர்களுக்கே இந்தக் கதி!

இந்த அமெரிக்காவில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போலவே வாடகைக்காரர்கள் சம்பந்தப்பட்டது. நியூயார்க் நகரம், புரூக்ளின் பகுதியில் பிரவுன்ஸ்வில் என்ற இடம். அட்லாண்டிக் பிளாசா டவர்ஸ் என்று இரண்டு கட்டடங்கள், ஒவ்வொன்றும் 24 மாடி, மொத்தம் 700க்கு மேற்பட்ட வீடுகள். குடியிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், அவர்களிலும் பெண்கள் அதிகம். வாடகை உயர்வுக்குக் கட்டுப்பாடு உள்ள வீடுகள். அங்கே ஏற்கனவே காமிராக்கள் ஏராளம். அது போதாதென்று 2018இல் கட்டட நிர்வாகம், சாவிக்குப் பதிலாக முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் இயந்திரம் வைக்க மாநில சர்க்காரிடம் அனுமதி கேட்டது. உன் முகத்தைக் கொடு, அப்போதுதான் உன் வீட்டுக் கதவு திறக்கும்!

பல பேருக்கு இந்த விஷயமே தெரியாது. ஆகவே ஐந்து பேர் கீழ்த்தளத்தில் நின்று, போகிறவர் வருகிறவர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். சில நாளில் அவர்களுக்கு நிர்வாகத்திடமிருந்து நோட்டீஸ் வந்தது. கூடத்தில் நின்று பிரசாரம் செய்யக் கூடாது என்று. அதனோடு அவர்கள் அங்கே நின்றிருந்த படங்கள். எடுத்தது யார்? அவர்களுடைய ‘பாதுகாப்புக்காக’ வைத்த காமிரா! புதன்கிழமை ராத்திரி என்னிடம் வந்த இரண்டு பெண்களும் புரூக்ளினைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் காமிரா எதற்குப் பயன்படும் என்பதை அந்த ஐந்து பேருக்கு நடந்தது போலவே சரியாகக் கணித்துவிட்டார்கள்.

அந்த மக்கள் அடங்கிப் போகவில்லை. இலவச சட்ட உதவி வக்கீல்களைப் பிடித்தார்கள். இந்த முகம் பார்க்கும் இயந்திரம் கறுப்புத் தோல் உள்ள பெண்களின் முகத்தில் அதிகமாகத் தப்பு செய்கிறது என்று விஞ்ஞானிகள் காட்டியிருந்ததையும் எடுத்து வைத்தார்கள். 2018இல் வெளியான ஆராய்ச்சி அது. இயந்திரம் பார்க்கும் முகம் ஆணுடையதா பெண்ணுடையதா என்பதைச் சொல்லுவதில், வெள்ளை ஆண்களிடம் தவறு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, கறுப்புப் பெண்களிடம் 34 வரை போனது. 2019 மே மாதம் 130க்கு மேற்பட்ட குடித்தனக்காரர்கள் கையெழுத்துப் போட்டு ஆட்சேபனை கொடுத்தார்கள். நவம்பரில் நிர்வாகம் திட்டத்தையே கைவிட்டது. 2021இல் நியூயார்க் நகரசபை ஒரு சட்டம் போட்டது. வாசலில் வைக்கும் மின்னணு நுழைவுக் கருவிகள் திரட்டும் விவரங்களுக்குக் குடித்தனக்காரரின் சம்மதம் வேண்டும், பொதுவாக 90 நாளுக்குள் அழித்துவிட வேண்டும், அதை வைத்துக் குடித்தனக்காரரைத் தொந்தரவு செய்யவோ வெளியேற்றவோ கூடாது என்று. டாலர் ராஜ்யத்தில், 700 வீட்டில் 130 பேர் கையெழுத்துக்கு இவ்வளவு நடந்தது.

நம் காம்பவுண்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பன்னிரண்டு குடித்தனத்தில் ஒன்பது குடித்தனக்காரர்கள் போன மாதம் சேர்ந்து வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனோம். மூன்று பேர் வரவில்லை, பயம். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பத்து மாத அட்வான்ஸ் அவர் பெட்டியில் இருக்கிறது, ஸ்கூல் நடுவில் வேறு வீடு எங்கே கிடைக்கும்? நாங்கள் காமிராவை எடு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முறிந்திருக்கும். தவிர, வண்டி நிறுத்துமிடத்துக் காமிரா நமக்கும் தேவை. கேட்டிலும் வண்டியிடத்திலும் இருப்பவை இருக்கட்டும். குழாயடியையும் வீட்டுக் கதவுகளையும் பார்ப்பவை போக வேண்டும். மைக் அணைய வேண்டும். பதினைந்து நாளுக்கு மேல் படம் இருக்கக் கூடாது. திருட்டு, சண்டை என்று ஏதாவது நடந்தாலொழிய யாரும் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. நமக்குத் தேவைப்பட்டால் நகல் தர வேண்டும். இவற்றை வாடகை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இதுதான் கேட்டோம்.

முதலில் அவர் கொதித்தார். “என்னைப் பார்த்தால் அப்படிப்பட்டவனாகத் தெரிகிறதா?” என்றார். நம் காம்பவுண்டுப் பாட்டியம்மா ஒருவர்தான் பதில் சொன்னார். “அப்படியெல்லாம் இல்லை சாமி. உங்க வீட்டுப் பொண்ணு துணி துவைக்கிற இடத்திலே நாங்க ஒரு காமிரா வைக்கட்டுமா?” வீட்டுக்கார அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காபி வந்தது.

மறு வாரம் குழாயடிக் காமிரா கேட் பக்கம் திரும்பியது. வராந்தாக் காமிராவை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் காமிராவின் பார்வையில் ஒரு பகுதியை மட்டும் கறுப்பாக மறைத்து வைக்க வசதி உண்டு என்று மாட்டுகிற பையனே சொன்னான். அப்படி நான்கு கதவுகளையும் மறைத்திருப்பதாகச் சொல்லுகிறார். அவர் போனில் காட்டினார், நாங்களும் பார்த்தோம். நாளைக்கு ஒரு விரல் தட்டலில் அந்தக் கறுப்பு மறைந்துவிடாதா என்று கேட்டால், மறையும். ஆகவேதான் எழுத்தில் வேண்டும் என்கிறோம். ஒப்பந்தத்தில் எழுத அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. முற்றத்தில் கூட்டம் போட நமக்கு இன்னும் தைரியமும் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுகிறேன்.

அந்த நர்ஸ் சகோதரி இப்போது ஆவடிப் பக்கம் இருக்கிறார். வேலைக்கு வந்து போக ஒன்றரை மணி நேரம். அவருடைய அட்வான்ஸில் நாற்பதாயிரம் ரூபாய் இன்னும் வரவில்லை; சுவருக்கு வெள்ளையடிக்க, கதவு ரிப்பேருக்கு என்று கணக்கு சொல்லுகிறார்கள். அவர் கையில் பதிவு எண் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. உங்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். நாலு, ஐந்து, அவ்வளவுதானா? இல்லாதவர்கள் வெளியே மேஜையில் உட்கார்ந்திருக்கும் தோழரிடம் பெயரும் விலாசமும் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஞாயிறு காலை வக்கீல் வருகிறார். காமிரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படமும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அந்த அட்வான்ஸ் பாக்கிக்கான மனுவை வியாழக்கிழமை கொடுக்கிறோம். அவரும் ராத்திரி வேலை முடிந்து நேராக வந்துவிடுவார். வரக்கூடியவர்கள் காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருங்கள்.